ராத்திரியோடு ராத்திரியாக மாறிப்போன எஃப்எம் திரும்பி வருமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் தையல் கடை வைத்திருக்கிறீர்கள். எட்டு வருடமாக ராத்திரி 9 மணிக்குக் கடையில் ஒரே எஃப்எம்தான். பழைய பாட்டு, நடுநடுவே உள்ளூர்க்காரர் ஒருவரின் பேச்சு. ஒரு திங்கட்கிழமை ராத்திரி போட்டால் எல்லாமே புதுப் பாட்டு, முன்பின் கேட்டிராத குரல். அந்த அறிவிப்பாளர் என்ன ஆனார் என்று ஒரு வார்த்தை இல்லை. இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டா, பழையபடி வர வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், போகிறபோக்கில் எழுதியதுபோல, “நாங்கள் யாரும் கேட்கவில்லை என்று அவர்களுக்கு யார் சொன்னது?” என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் நிஜமாகக் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தனியார் எஃப்எம் நிலையங்களில் பதினான்கு வருடம் நிகழ்ச்சிப் பிரிவில் இருந்தவன். முதலில் ஆர்ஜே, அப்புறம் பாட்டு வரிசை போடுகிறவன், கடைசியில் சின்ன நகரங்கள் மூன்றுக்குப் பொறுப்பாளன். உங்கள் நிலையத்தில் வேலை பார்த்ததில்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் அங்கே எந்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்று வெளியில் இருந்துகொண்டு சொன்னால் அது ஜோசியம். ஆனால் இதேபோன்ற ஒரு மாற்றத்தை என் கையால் செய்திருக்கிறேன். அதனால் பொதுவாக இது எப்படி நடக்கும் என்று சொல்ல முடியும்.

“யார் சொன்னது” என்றால், யாரும் சொல்லவில்லை. இதை உறுதியாகவே சொல்கிறேன். தொலைக்காட்சிக்கு டிஆர்பி இருப்பதுபோல வானொலிக்கும் ராம் (RAM) என்று ஒரு கணக்கெடுப்பு இருந்தது. கேட்பவர்களிடம் ஒரு டைரியைக் கொடுத்து, எந்த நேரத்தில் எந்த நிலையம் கேட்டார்கள் என்று குறிக்கச் சொல்லும் முறை. அது நடந்தது மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா என்ற நான்கு நகரங்களில். சென்னையே அந்தப் பட்டியலில் கிடையாது. உங்கள் ஊரைப் பற்றிப் பேசவே வேண்டாம். எப்போதாவது ஒரு நிறுவனம் தன் செலவில் ஆள் விட்டு விசாரிக்கும். நான் பார்த்த அப்படிப்பட்ட அறிக்கைகளில், ராத்திரி 9 மணிக்கு மேல் என்ற கட்டத்தில் பதில் சொன்னவர்கள் ஒரு கை விரல்களில் அடங்கிவிடுவார்கள். ஏனென்றால் விசாரிக்கப் போகிறவர்கள் பகலில் வீடுகளுக்குப் போவார்கள். தையல் கடைக்காரரும், லாரி ஓட்டுநரும், ஷிப்ட் முடிந்து வருகிற மில் தொழிலாளியும் அந்த நேரத்தில் வீட்டில் எங்கே இருப்பார்கள்? ஆக, யாரும் கேட்கவில்லை என்று தெரிந்து எடுத்த முடிவு இல்லை அது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்றே தெரியாமல் எடுத்தது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? விளம்பரத்தை வைத்துத்தான். வானொலி விளம்பரம் பத்து நொடிக்கு இவ்வளவு என்று விற்கப்படுகிறது. அதில் பெரிய பணம் சென்னை, மும்பையில் இருக்கிற விளம்பர ஏஜென்சிகளிடமிருந்து வரும். அவர்கள் உங்கள் ஊரைத் தனியாக வாங்குவதில்லை. ஐந்தாறு ஊரைச் சேர்த்து ஒரு கட்டாக வாங்குவார்கள். அவர்களிடம் போய், “எங்களிடம் பி.பி.ஸ்ரீனிவாஸ், ஏ.எம்.ராஜா பாட்டு போடுகிற இரவு நிகழ்ச்சி இருக்கிறது, ஊரே உட்கார்ந்து கேட்கும்” என்றால், “கேட்பவர்களின் வயது என்ன?” என்பார்கள். அந்த ஒரு கேள்வியில் நிகழ்ச்சி தோற்றுவிடும். செல்போன், பைக், முகப்பூச்சு விற்கிறவர்களுக்கு இருபது வயதுக்காரர்கள் வேண்டும். ஐம்பது வயதுக்காரர் கையில் காசு இல்லையா என்று நானே ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

இன்னொரு பக்கம் செலவு. நிலையத்துக்கு வரும்படி குறைந்தாலும் டவர் வாடகை குறையாது, கரண்ட் பில் குறையாது. அரசாங்கத்துக்குக் கட்டுகிற ஆண்டுக் கட்டணம் மொத்த வருவாயில் நான்கு சதவீதம் என்றாலும், அதற்கு ஒரு குறைந்தபட்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். வருமானமே விழுந்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. குறைக்க முடிந்தது ஆள் சம்பளம் மட்டும். தனியார் எஃப்எம்முக்கென்று 2011இல் அரசு கொண்டுவந்த மூன்றாம் கட்டக் கொள்கை, ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் நாடு முழுக்கத் தங்களுக்குள் நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கதவை அகலத் திறந்துவிட்டது. சென்னையில் ஒருவர் பேசினால் ஐந்து ஊரில் ஒலிக்கும். விளம்பர இடைவேளை மட்டும் அந்தந்த ஊருக்குத் தனி. இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். அந்த ஆர்ஜே எப்போதும் “நம்ம ஊரு” என்பார். ஊர்ப் பெயரைச் சொல்லவே மாட்டார். சொல்லக் கூடாது என்று நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம். “நம்ம ஊருல இன்னைக்கு செம வெயில்” என்றால் திருநெல்வேலிக்கும் பொருந்தும், வேலூருக்கும் பொருந்தும்.

இதில் போவது பாட்டு மட்டும் இல்லை. தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆனால் மின்தடை, குடிநீர், போக்குவரத்து, மழை எச்சரிக்கை, தேர்வு முடிவு போன்றவற்றைச் சொல்லத் தடையில்லை. உள்ளூர் ஆர்ஜே இருந்தவரை “நாளைக்குக் காலை 9 முதல் 2 வரை இந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, மாவு ஆட்ட வேண்டியவர்கள் ராத்திரியே ஆட்டிவிடுங்கள்” என்று சொல்வார். சென்னையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு உங்கள் தெரு எங்கே தெரியும்?

சரி, நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். ஊரும் நிறுவனமும் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து போன். ஞாயிறு நள்ளிரவோடு பழைய பாட்டு நிகழ்ச்சி நின்றுவிட வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது, வெளியே கசிந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்றார்கள். ஞாயிறு ராத்திரி நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். 11 மணிக்குக் கடைசி லிங்க், அதாவது பாட்டுக்கு நடுவே பேசுகிற பேச்சு, பேசி முடித்தார். மறுநாள் நிகழ்ச்சிக்கு ஒரு நேயர் அனுப்பியிருந்த இன்லண்ட் லெட்டரைக் கன்சோலுக்கு அடியில் செருகி வைத்தார். “வரேன் தம்பி, ஏசியை மறக்காம அணைச்சிரு” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பழைய பாட்டுகள் அறுநூற்றுச் சொச்சத்தையும் தேர்வு செய்து, வரிசைக்கு வராதபடி நிறுத்தி வைத்தேன். முழுதாக இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அழிக்கவில்லை, நிறுத்திதான் வைத்தேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணனுக்கு மறுநாள் காலை 10 மணிக்கு ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து போன் போனது.

ஏன் முன்கூட்டியே அறிவிப்பதில்லை என்பதற்கு உள்ளே சொல்லப்படும் காரணங்கள் மூன்று. போட்டி நிலையம் அந்த நிகழ்ச்சியையும் ஆர்ஜேவையும் கொத்திக்கொண்டு போய்விடும். ஆண்டு ஒப்பந்தம் போட்ட விளம்பரதாரர் முன்னாலேயே விலகிவிடுவார். வேலை போகிறது என்று தெரிந்த ஆளிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன பேசுவாரோ என்ற பயம். முதல் இரண்டில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மூன்றாவது வெறும் கோழைத்தனம். நான் பழகிய ஆர்ஜேக்களில் ஒருவர்கூடக் கடைசி நாளில் நேயர்களைத் திட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை. இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். வேர்ல்டுஸ்பேஸ் செயற்கைக்கோள் வானொலி 2009 டிசம்பர் 31உடன் இந்தியாவில் மூடப்பட்டபோது, சந்தாதாரர்களுக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பினார்கள். அங்கே கேட்பவர் காசு கட்டியவர். எஃப்எம்மில் நாம் காசு கட்டுவதில்லை, அதனால் நமக்குக் கடிதமும் வருவதில்லை.

உரிமை உண்டா என்ற கேள்விக்கு வருவோம். நான் வக்கீல் இல்லை. அனுமதிப் பத்திரத்தோடு புழங்கியவன் என்ற அளவில் சொல்கிறேன். தனியார் எஃப்எம்முக்கு அரசு தருகிற அனுமதி, எந்தக் காலத்துப் பாட்டு போட வேண்டும், யார் பேச வேண்டும் என்றெல்லாம் கட்டிப்போடுவதில்லை. நிகழ்ச்சி விதிகளை மீறினால் புகார் செய்யலாம். பழைய பாட்டை நிறுத்தியது மீறல் ஆகாது. வான்அலை பொதுச்சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995இல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் சொன்னது உண்மைதான். பார்ப்பவர், கேட்பவரின் உரிமையைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு இரவு நிகழ்ச்சியைத் திரும்ப வாங்கிவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

அமெரிக்காவில் இதற்காகவே வழக்கு நடந்திருக்கிறது. நியூயார்க்கில் டபிள்யூ.என்.சி.என். என்று மேற்கத்திய செவ்வியல் இசை நிலையம் ஒன்று இருந்தது. 1974இல் அதை ராக் நிலையமாக மாற்றினார்கள். நேயர்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள். மறு வருடமே செவ்வியல் இசை திரும்பியது. சங்கம் அதோடு நிற்கவில்லை. ஒரு நிலையம் தன் இசை வகையை மாற்றும்போது பொதுநலன் பாதிக்கப்படுகிறதா என்று அரசு ஆணையம் ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1981இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. எந்த இசை என்பதைச் சந்தை பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆணையம் விட்டுவிடலாம் என்றது நீதிமன்றம். 1993 கடைசியில் அந்த நிலையம் மறுபடி ராக்குக்கு மாறியது. அப்புறம் செவ்வியலுக்குத் திரும்பவே இல்லை.

திரும்பி வந்த கதையும் அதே நியூயார்க்கில் உண்டு. டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்எம், 101.1. 1972இலிருந்து பழைய பாட்டுக்கென்றே இருந்த நிலையம். 2005 ஜூன் 3, வெள்ளிக்கிழமை சாயங்காலம், விடைபெறும் நிகழ்ச்சி ஏதும் இல்லாமல் ஜாக் எஃப்எம் என்ற புது வடிவத்துக்கு மாற்றினார்கள். அறிவிப்பாளரே கிடையாது; ஒரு பதிவுக் குரல், கலவையாகப் பாட்டு. ஊரே கொதித்தது. ஆனால் கொதித்ததால் மட்டும் அது திரும்பவில்லை. நேயர் எண்ணிக்கை சரிந்தது. நியூயார்க்கில் அதை அளக்க ஆள் இருந்ததால் சரிந்தது கண்ணுக்குத் தெரிந்தது, விளம்பரத்திலும் தெரிந்தது. 2007 ஜூலை 12 அன்று பழைய பெயரோடு வந்துவிட்டார்கள். அறிவிப்பாளர்களில் சிலரும் திரும்பினார்கள். ஆனால் ஐம்பதுகளின் பாட்டு பெரும்பாலும் வரவில்லை. அறுபதுகள், எழுபதுகள், எண்பதுகள் என்று காலம் நகர்ந்துவிட்டது. வெற்றிக் கதையிலேயே இவ்வளவு இழப்பு என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊரில் அந்த அளவுகோலும் கிடையாது. அதனால் முழுசாகப் பழையபடி வரும் என்று நான் சொன்னால் அது பொய் நம்பிக்கை.

உங்கள் நிலையத்தில் நடந்தது எந்த வகை என்பதை நீங்களே ஓரளவு ஊகிக்கலாம். இரண்டு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். ஆர்ஜே ஊர்ப் பெயர் சொல்லாமல் பேசுகிறார், விளம்பரம் மட்டும் உங்கள் கடைத்தெரு என்றால் அது செலவுக் குறைப்பு. மேலே எடுத்த முடிவு, உள்ளூர் மேலாளரால் ஒன்றும் செய்ய முடியாது. நிலையத்தின் ஜிங்கிளும் (பெயரைச் சொல்லும் சின்ன மெட்டு) அடைமொழியும் சேர்ந்து மாறியிருந்தால் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். அது ஒரு வருடமாவது நிற்கும், நடுவில் பின்வாங்கினால் அவர்களுக்கே அவமானம். ஜிங்கிள் அதேதான், பகலில் பேசுகிறவர்களும் பழைய ஆட்கள்தான், இரவு மட்டும் மாறியது என்றால் நம்பிக்கைக்கு இடமுண்டு. பாட்டு உரிமத் தகராறாக இருக்குமோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம், ஆனால் எனக்குச் சந்தேகம்தான். உரிமப் பிரச்சினை என்றால் ஒரு கம்பெனியின் பாட்டுகள் மட்டும் பகலிலும் ராத்திரியிலும் காணாமல் போகும். ஒரே நிகழ்ச்சியில் பழையது மொத்தமும் போனால் அது வேறு கதை.

இனி என்ன செய்யலாம் என்றால், இதை நான் உள்ளே இருந்து பார்த்ததால் சொல்கிறேன். அந்தத் திங்கட்கிழமை எங்கள் வரவேற்பில் இருந்த அக்கா ஒரு நோட்டில் வந்த போன்களை எழுதி வைத்தார். மூன்று பக்கம். முதல் பத்துப் பேரில் பாதிப் பேர் பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை, “அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?” என்றுதான் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை. புதன்கிழமை பாத்திரக்கடைக்காரர் ஒருவர் வந்தார். அந்த இரவு நிகழ்ச்சியில் வருடம் முழுக்க விளம்பரம் கொடுத்தவர். “என் கடைக்கு வர்றவங்க அந்த நிகழ்ச்சி எங்கேனு என்னைக் கேக்கறாங்க. அது இல்லேன்னா எனக்கு விளம்பரமும் வேணாம்” என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே மண்டல அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பழைய பாட்டு வந்தது. அண்ணன் திரும்பவில்லை, அதற்குள் அவர் ஒரு பள்ளிக்கூட வேனுக்குப் பொறுப்பாளராகப் போய்விட்டார். நோட்டுப் புத்தகத்து மூன்று பக்கம் சாதிக்காததை ஒரு பாத்திரக்கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் சாதித்தார், அதுவும் ஒரு மணி நேர அளவுக்கு.

அதனால் நிலையத்துக்கு எழுதுவதைவிட, அந்த நிகழ்ச்சியில் விளம்பரம் கொடுத்த உள்ளூர்க் கடைகளில் போய்ச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம். பொருள் வாங்கும்போது “ராத்திரி உங்க விளம்பரம் கேப்பேன், இப்ப அந்த நிகழ்ச்சியே இல்லையே” என்றால் போதும். பத்துப் பேர் சொன்னால் கடைக்காரரே போன் எடுப்பார். இணையத்தில் மனு, கையெழுத்து இதெல்லாம் மனசு ஆறுவதற்கு நல்லதுதான். நான் இருந்த இடங்களில் அதைப் பார்த்து ஒரு முடிவும் மாறியதில்லை.

ஆகாசவாணி நிலையம் என்றால் கணக்கே வேறு. உள்ளூர் வானொலி என்பதை இந்தியாவில் முதலில் 1984இல் நாகர்கோவிலில் தொடங்கியவர்கள் அவர்கள்தான். அங்கே நிகழ்ச்சி குறைக்கப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி காரணம் கேட்டு எழுதலாம், பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். தனியாரிடம் அந்தச் சட்டம் செல்லாது. உங்கள் பகுதியில் கல்லூரியோ தொண்டு நிறுவனமோ சமுதாய வானொலி நடத்துகிறதா என்றும் பாருங்கள். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அந்த வகை. 100 வாட்தான், பத்து கிலோமீட்டர் தூரம் எட்டினால் பெரிது. ஆனால் ராத்திரி நேரத்துக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிற சமுதாய வானொலிகளை எனக்குத் தெரியும். உங்கள் அறிவிப்பாளர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அவருக்கு அந்தக் கதவைக் காட்டுங்கள்.

மாற்றத்துக்கு முந்தைய வாரம் அந்த நிகழ்ச்சியில் என்னென்ன விளம்பரம் வந்தது என்று நினைவிருந்தால் இங்கேயே கீழே எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம். நகைக்கடையா, ஜவுளியா, பாத்திரமா, அரசு விளம்பரமா என்று மட்டும் போதும். உள்ளூர்க் கடை எத்தனை, வெளியூர் எத்தனை என்று பார்த்தால் உங்களுடையது எந்த வகை என்று இன்னும் கொஞ்சம் நெருங்கிச் சொல்ல முடியும்.